பூஜ்யத்திலிருந்து பத்து வரை

என் வீட்டுக்காரருக்கு வீட்டுக்கு வெளியே வலியே கிடையாது. கடையில் கிடையாது, பள்ளிவாசலில் கிடையாது, எம்ஆர்டி ரயிலில் கிடையாது. எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் தமக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் வரும். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக இறங்கி உட்காருவார். “ரொம்ப வலிக்குதாங்க?” என்று கேட்டால், “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் தைலம் எடுப்பதா, தேத்தண்ணி போடுவதா?

வீட்டில் இப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணமான நாளிலிருந்து பொறுத்துத்தான் வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போயும் இதையே சொன்னால் என்ன செய்வது?

ஃபேரர் பார்க்கில் அவருக்குப் பயணப்பெட்டிக் கடை. ரவூப் பாய் கடை என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போகிறவர்கள் விமானத்துக்கு நேரமாகும்போதுதான் ஓடிவருவார்கள். வந்ததும் கண்ணுக்கெதிரே இருக்கும் பெட்டி எதுவும் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நீலப் பெட்டிதான் வேண்டும். அப்படி ஒரு நீலப் பெட்டியை உருவக் குந்தி உட்கார்ந்து திரும்பியபோது முழங்காலுக்குள் ‘சடக்’ என்றது. அன்றும் பெட்டியை விற்றுவிட்டு, சில்லறையும் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த வயதில் கிழியும் ஜவ்வுக்குச் சின்ன ஓட்டை போட்டு ஆபரேஷன் செய்வது நல்லதா, பயிற்சி செய்தே சரியாக்குவது நல்லதா என்று பெரிய பெரிய டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு முடியவில்லையாம். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம், யாருக்கு எந்த வைத்தியம் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்கும் என்றார். நாலு பேருக்கு உதவும் என்ற சொல்லைக் கேட்டால் இவர் யோசிக்கவே மாட்டார். உடனே சேர்ந்தார். கம்ப்யூட்டர் பயிற்சியைக் கொடுத்தது. கத்தி இல்லை என்றதும் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே ஆம்ப்ரோஸ் அண்ணன் இருக்கிறார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மண்டியிட்டுவிட்டு எழுந்தால் அவர் முனகும் முனகலில் சாமியாரே திரும்பிப் பார்ப்பாராம். அவரும் அதே ஆய்வில்தான் இருந்தார். அவருக்கு ஆபரேஷன் விழுந்தது. முடிந்த கொஞ்ச நாளிலேயே மார்க்கெட்டுக்கும் காப்பிக் கடைக்கும் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் கேட்டுப் பாருங்கள், “ஐயோ தங்கச்சி, உயிர் போகுது லா” என்பார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். சோதிக்கும் பெண்ணின் பெயர் ஹம்னா. எங்கள் ஆட்கள்தான், அழகாகத் தலைத்துணி கட்டியிருந்தாள். இவருக்கு நடப்பது பயிற்சியா ஆபரேஷனா என்பது அவளுக்குத் தெரியவே கூடாதாம். தெரிந்தால் அவள் கண் ஒரு பக்கம் சாயும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் உள்ளே போகுமுன் இரண்டு முழங்காலிலும் கறுப்பு உறையை மாட்டிவிட்டார்கள், தழும்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலிருக்க. கூட வந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இந்த விதியை எழுதியவர் என்னைப் போல ஒருத்தியைப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் காலை மடக்கினாள், நீட்டினாள், எழுந்து நடக்கச் சொன்னாள். பிறகு கேள்விகள். ஒரு சொல்கூட மாறக் கூடாது என்பதால் வானொலியில் செய்தி வாசிப்பது போல வாசித்தாள். கடந்த ஏழு நாட்களில் உங்கள் முழங்காலில் ஏற்பட்ட வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்ணில் குறிப்பிடவும்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் இவர்.

“நம்பர் வேணும் அங்கிள்.”

“பூஜ்யம்னு போட்டுக்கம்மா.”

மண்டியிடுவதில் எந்த அளவுக்குச் சிரமம் என்றாள். சிரமமே இல்லை என்றார். படியேறுவதில்? இல்லை. இரவில்? நல்ல தூக்கம். முந்தின ராத்திரி தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்தும் எடுத்தும் என்னையும் தூங்கவிடாத மனிதர் இதைச் சொல்கிறார். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஹம்னா என் பக்கம் திரும்பிப் பணிவாகத் தலையசைத்தாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். ரப்பு எவ்வளவோ கொடுத்திருக்கிறான், ஒரு முழங்காலுக்காக அவன் கொடுத்ததை எல்லாம் குறை சொல்வதா என்றார். அதோடு, பயிற்சி சொல்லித்தரும் எலைஜாவின் மனசு நோகுமே என்றார். அந்தப் பையன் அவ்வளவு அக்கறையாகச் சொல்லித்தருகிறானாம், வலிக்கிறது என்றால் அவனுக்குக் கெட்ட பெயராகுமாம். எலைஜாவுக்காக வலிக்காமல் இருக்க முழங்காலுக்குத் தெரியுமா?

ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிகளை ஒரு நாளும் அவர் விட்டதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து இறங்குவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்துவது, எல்லாம் செய்வார். ஒத்தையாகச் செய்தால் சலித்துப்போகும் என்று அவருக்குத் துணையாக நானும் செய்தேன். தொழுகையைக் கொஞ்ச நாள் நாற்காலியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எலைஜா சொல்லியிருந்தான். பள்ளியில் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்கள் எத்தனையோ பேர். இவர் மட்டும் தொடவே மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் ஊரையே கூப்பிட்டு வலியைச் சொன்ன மாதிரியாம். அவருக்குக் கூச்சம் தெளியட்டும் என்று வீட்டில் நான் நாற்காலியில் தொழ ஆரம்பித்தேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு முன்னால் தரையில் நின்று, தரையிலேயே தொழுவித்தார்.

அப்படி ஒரு மக்ரிப் தொழுகையில்தான் அது நடந்தது. கடைசி இருப்பில் சலாம் கொடுத்து முடித்தார். துஆ கேட்டார். நான் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு விளக்கைப் போட்டேன், அவர் எழவில்லை. துஆ நீளமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட வரவில்லை. அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, குதிகாலைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினேன். உள்ளே ஏதோ நழுவுவது போலிருந்து, கால் நீண்டது.

“அல்ஹம்துலில்லாஹ், விட்டுடுச்சு” என்றார்.

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றினார். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்றே அந்த வீட்டில் தெரியவில்லை.

கால் இப்படிப் பிடித்துக்கொண்டால் உடனே சொல்ல வேண்டும் என்று எலைஜா முதல் நாளே சொல்லியிருந்தான். கிழிந்த துண்டு மூட்டுக்குள் கதவிடுக்கில் துணி மாட்டுவது போல மாட்டுகிறது என்று அர்த்தம். பயிற்சியால் அது போகாது, அப்படியே விட்டால் எலும்பைத் தேய்த்துவிடும். மறுநாள் காலையில் அவருக்குத் தெரியாமல் ஆய்வுப் பிரிவுக்குப் போன் போட்டேன். பாவம், அவர்களும் உடனே இவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டில் பயந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் அவருக்கு ஆகாத புளியை மீன் ஆணத்தில் குறைக்கவில்லை.

மிச்சமிருந்தது ஆறாம் மாதப் பரிசோதனை. அதுதான் கடைசி. அதில் வலி குறையவில்லை என்று தெரிந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்து, பயிற்சியில் இருந்தவர்களுக்கும் ஆபரேஷன் செய்வார்கள். குறைந்துவிட்டது என்றால் குணமானவர் என்று அனுப்பிவிடுவார்கள். இவர் இன்னொரு பூஜ்யம் சொன்னால் போதும், அந்தக் காலோடு நொண்டி நொண்டிக் கடைசியில் நடக்கவே முடியாமல் போவார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் புளோக்கின் கீழே ஆம்ப்ரோஸ் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. வலி எவ்வளவு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். எட்டு என்றார். இப்போதுதான் பஸ்ஸுக்கு ஓடிப்போய் ஏறினீர்களே என்றேன். ஓடினதால்தான் எட்டு என்று ஒரு சிரிப்பு. இவர் பூஜ்யம் சொன்ன கதையைச் சொன்னதும் அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

“அப்ப கணக்கு சரியாப் போச்சு தங்கச்சி. அவங்க எல்லாரையும் கூட்டி வகுப்பாங்க. நல்லா நடக்குற நான் எட்டு, நொண்டுற உங்க வீட்டுக்காரரு பூஜ்யம். ஆளுக்கு நாலு.”

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். தவக்காலம் வரட்டும், குறைத்துக்கொள்கிறேன் என்று நழுவிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு யாருடைய முழங்கால்? என் வீட்டுக்காரருடையதும் இல்லை, ஆம்ப்ரோஸ் அண்ணனுடையதும் இல்லை. ஆனால் இப்படி வரும் எண்களை வைத்துத்தான் நாளைக்கு யாரோ ஒருவருக்கு வைத்தியம் சொல்லப்போகிறார்கள். மாடி ஏறும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரயிலில் கூட்டம். ஒரு மாணவி எழுந்து இவருக்கு இடம் கொடுத்தாள். வேண்டாம்மா என்று என்னை உட்காரச் சொன்னார். கொடுத்த இடத்தை வீணாக்கக் கூடாது என்று நான் உட்கார்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் மட்டும் பாரத்தை வைத்து நின்றார். யீஷுன் நிலையம் தாண்டியதும் எனக்குப் பக்கத்து இடம் காலியானது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஒரு வாரமாக மனதுக்குள் வைத்திருந்த சண்டை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. மெதுவாகத்தான் சொன்னேன்.

“நீங்க அல்லாஹ்வுக்கு நன்றி சொல்றீங்க. சரி. அதை அவன்கிட்ட சொல்லுங்க. அந்தப் பொண்ணு கேக்குறது நன்றி இல்லங்க, சாட்சி. உங்க முட்டிக்குள்ள நடக்குறதுக்கு உங்களை விட்டா வேற சாட்சி யாரு? நீங்க பூஜ்யம்னு சொன்னா, நாளைக்கு இதே மாதிரி கால் புடிச்ச ஒருத்தர் வருவாரு. பயிற்சி செஞ்சாப் போதும், போங்கன்னு அனுப்பிடுவாங்க. அவரும் தொழுகையிலேருந்து எந்திரிக்க முடியாம கெடந்தா, அதுக்கு யாரு பதில் சொல்றது?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் ஜன்னலில் எங்கள் இரண்டு பேர் முகம்தான் தெரிந்தது. பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் தைத்த பெட்டிக்கும் ஒட்டிய பெட்டிக்கும் வித்தியாசம் சொல்லாமல் விற்க மாட்டார். அதனால் நான் அதற்கு மேல் பேசவில்லை. இறங்கும் இடம் வந்தபோது, எலைஜா தம்பி என்ன நினைக்கும் என்று மட்டும் கேட்டார். உண்மை தெரிந்தால் வேறு வழி யோசிக்கும், அதற்குத்தானே படித்திருக்கிறது என்றேன்.

அதே அறை, அதே கறுப்பு உறைகள். ஹம்னா மடக்கினாள், நீட்டினாள், நடக்கவைத்தாள். பிறகு செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தாள். கடந்த ஏழு நாட்களில் உங்கள் முழங்காலில் ஏற்பட்ட வலியை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்த மனிதரை அல்லாஹ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஆறு” என்றார்.

ஹம்னாவின் முகம் மாறவில்லை. மாறக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். விரல் மட்டும் கம்ப்யூட்டர் விசையின் மேல் ஒரு கணம் நின்றது. மண்டியிடுவதில் என்று அடுத்ததைக் கேட்டாள். ரொம்பக் கஷ்டம் என்றார். முழங்கால் பிடித்துக்கொள்வதுண்டா என்ற கேள்வி வந்தபோது, அவர் உறையைத் தடவிக்கொண்டார்.

“புடிச்சுக்கும்மா. வீட்ல ஒரு தடவை, இவதான் நீட்டிவிட்டா. பள்ளியில ஒரு தடவை. கடையில பல தடவை. பெட்டிங்களுக்குப் பின்னால உக்காந்துக்குவேன். தானா விடுற வரைக்கும்.”

பள்ளியும் கடையும் எனக்குத் தெரியாது. அடுக்கிவைத்த பெட்டிகளுக்குப் பின்னால், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, கால் மடங்கியபடி தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். வெளியே யாராவது வந்து ‘பாய்’ என்று கூப்பிட்டால், இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்திருப்பார். பேசக் கூடாது என்ற விதி அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது.

மிச்சக் கேள்விகளுக்கும் ஒவ்வொன்றாக உண்மையைச் சொன்னார். இறக்கிவைத்தவுடன் அவருக்கே லேசாகிவிட்டது போலிருந்தது. எல்லாம் பதிவாகி முடிந்தது, இனி அவளுக்கு எந்த வைத்தியம் என்று தெரிந்தாலும் பரவாயில்லையாம். ஹம்னா வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். இந்த வாரமே ஸ்கேன், கால் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ஆபரேஷன்தான், அதுவரை தரையில் உட்கார வேண்டாம், நாற்காலியில் தொழுங்கள் என்றாள். சரிம்மா என்றார். நான் ஆறு மாதம் சொல்லிக் கேட்காதவர், அவள் ஒரு தடவை சொன்னதும் சரிம்மா என்கிறார். போகட்டும், அன்றைக்கு எனக்கு அதிலும் கோபமில்லை.

கிளம்பலாம் என்று எழுந்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். ஹம்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் குரல் செய்தி வாசிக்கும் குரலாக இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரலாக இருந்தது.

“ஆன்ட்டி, எந்திரிக்கிறப்ப ரெண்டு கையையும் மேசையில ஊனுனீங்க. போன தடவையும் அப்படித்தான். உங்க முட்டி எப்படி இருக்கு?”

“எனக்கென்னம்மா. அல்ஹம்துலில்லாஹ்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கறுப்பு உறையைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே நிமிர்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் நானும் சமாளித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டு நாற்காலி, ரயில் இருக்கை, சுவரோரப் பயிற்சி எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது.

“சம்சு” என்றார். “சாட்சி சொல்லு.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியாமலில்லை. மகள் பிறந்த பிறகு ஆரம்பித்த முழங்கால் வலி அது. வீட்டு வேலையோடு வேலையாக அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். அவருக்குத் துணையாக என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது.

“ஏழு” என்றேன்.

அவர் ஏழா என்றும் கேட்கவில்லை, எப்போதிருந்து என்றும் கேட்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. தம் வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, நான் எழுந்த நாற்காலியைத் திருப்பி, என் பக்கம் நகர்த்திவைத்தார்.

“உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாருக்கும் துணையாக இல்லை.